கொலைக்குப் பிறகு என்ன நடந்தது?

வங்கதேச விடுதலையை நடத்தும்போது, 1971 டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை டாக்காவில் சரணடைந்ததைச் சொல்லி முடித்துக்கொள்வது நம்மில் பலருக்கும் வழக்கம். நான் பத்தாம் வகுப்பில் இதற்கு மேலும் ஒரு பாடவேளை எடுத்துக்கொள்கிறேன். நாடு பிறந்து நான்கு ஆண்டுகள் முடிவதற்குள், 1975 ஆகஸ்ட் 15 விடியற்காலையில், அதன் விடுதலைத் தலைவரும் குடியரசுத் தலைவருமான ஷேக் முஜிபுர் ரகுமான் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவி, மூன்று மகன்கள், இரண்டு மருமகள்கள் என வீட்டில் இருந்த குடும்பமே அழிந்தது. கடைசி மகன் ரசலுக்கு வயது 10. வெளிநாட்டில் இருந்த இரு மகள்கள் மட்டும் பிழைத்தார்கள்.

இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிடும். பிறகு யார் சுட்டது, எப்படி உள்ளே வந்தார்கள் என்று கேள்விகள் வரும். ராணுவ அதிகாரிகள் சிலர் என்று ஒரு வரியில் சொல்லி நகர்ந்துவிடுவேன். துப்பாக்கிக் கதையில் மாட்டிக்கொண்டால் குடிமையியல் கைநழுவிப் போய்விடும்.

கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதுவேன்: ‘குடியரசுத் தலைவர் இறந்தால் அடுத்து யார்?’ நம் நாட்டு அரசியலமைப்பைப் படித்தவர்கள் ஆயிற்றே, ‘துணைக் குடியரசுத் தலைவர்’ என்று உடனே பதில் வரும். வங்கதேசத்திலும் அன்று அதுதான் விதி. துணைக் குடியரசுத் தலைவர் சையது நஸ்ருல் இஸ்லாம் உயிரோடுதான் இருந்தார். ஆனால் பதவியில் அமர்ந்தவர் வணிக அமைச்சர் கோந்தகர் முஷ்தாக் அகமது. நஸ்ருல் இஸ்லாம் சிறையில் அடைக்கப்பட்டார். நவம்பர் 3 அன்று அவரும் தாஜுதீன் அகமது, மன்சூர் அலி, கமருஸ்ஸமான் ஆகியோரும் டாக்கா மத்திய சிறைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள்.

“ஜெயிலுக்குள்ளயா டீச்சர்? அங்க காவலுக்கு ஆள் இருப்பாங்களே?” என்று சென்ற ஆண்டு ஒரு மாணவி கேட்டாள். பாடம் அங்கேதான் தொடங்கியது.

அடுத்து நான் எழுதும் தேதி 1975 செப்டம்பர் 26. ஆகஸ்ட் கொலைகளில் ஈடுபட்டவர்கள் மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடரக் கூடாது என்று முஷ்தாக் அகமது அன்று அவசரச் சட்டம் பிறப்பித்தார். 1979-ல் அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம் அதற்கும் ஒப்புதல் கொடுத்துவிட்டது. 1996 நவம்பரில்தான் நாடாளுமன்றம் அதை நீக்கியது. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு 1998-ல் வந்தது. ஐவர் தூக்கிலிடப்பட்டது 2010 ஜனவரியில். கொலைக்கும் சட்டம் நீங்கியதற்கும் இடையே எத்தனை ஆண்டு என்று மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். 21 என்ற விடையை நாம் சொல்வதைவிட அவர்கள் சொல்லும்போது அதன் கனம் அவர்களுக்குப் புரிகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முஜிபை மாசற்ற நாயகனாக்கிவிட்டால் பாடம் பாதிதான். 1975 ஜனவரியில் நான்காம் திருத்தத்தின் மூலம் நாடாளுமன்ற ஆட்சி முறையைக் குடியரசுத் தலைவர் ஆட்சியாக மாற்றி, ஒற்றைக் கட்சி முறைக்கு வழி செய்தவர் அவர்தான். ஜூனில் நான்கு நாளிதழ்களைத் தவிர மற்றவை மூடப்பட்டன. கொலையை இது எவ்வகையிலும் நியாயப்படுத்தாது; அதை மாணவர்களிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். ஆனால் தட்டிக் கேட்க வேண்டிய எதிர்க்கட்சியும் பத்திரிகையும் ஆகஸ்டுக்கு முன்பே வலுவிழந்திருந்தன. நீதித்துறையின் கதையோ இன்னும் விசித்திரம். நவம்பர் 6 அன்று முஷ்தாக் விலகியதும் குடியரசுத் தலைவரானவர் தலைமை நீதிபதி சயீம். ராணுவச் சட்ட நிர்வாகத்துக்கும் அவரே தலைவர்!

வீட்டுப் பணியாக 1981-ஐக் கொடுக்கிறேன். அந்த ஆண்டு மே 30 அன்று சிட்டகாங்கில் குடியரசுத் தலைவர் ஜியாவுர் ரகுமான் கொல்லப்பட்டார். இந்த முறை துணைக் குடியரசுத் தலைவர் அப்துஸ் சத்தார் விதிப்படி பொறுப்பேற்றார்; நவம்பரில் தேர்தலிலும் வென்றார். ஆனால் 1982 மார்ச் 24 அன்று ராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றினார். விதி பின்பற்றப்பட்ட பிறகும் ஆட்சி ஏன் நிலைக்கவில்லை? ஒரு பக்கத்துக்குள் எழுதி வரச் சொல்கிறேன். விடைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றுக்கு நான் மதிப்பெண் போடுவதும் இல்லை. மறுநாள் வகுப்பில் படிக்கச் சொல்லிக் கேட்கிறேன்.