இரைப்பை நுண்ணுயிரும் மனிதகுலத்தின் வழித்தடமும்

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எமக்குக் கற்பித்த அம்மையார் ஒருவர், "வகுப்பில் தவறாகச் சொன்னதை அதே வகுப்பில் திருத்திச் சொல்லுங்கள், அதனால் ஆசிரியர் மதிப்புக் குறையாது" என்பார். நாம் திருத்தாமலே பணி ஓய்வு பெற்ற பாடம் ஒன்று உண்டு. அதனை இக்கட்டுரை வாயிலாகத் திருத்த விழைகின்றோம்.

வயிற்றுப்புண் எதனால் உண்டாகிறது? காரம், கவலை, காலந்தவறிய உணவு ஆகிய மூன்றுமே காரணம் என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதி வந்தோம். எம் தமக்கையார் இந்நோயால் நெடுங்காலம் துன்புற்றார். மோர்ச்சோறும் பாலுமே அவருக்கு உணவாயின. "வீண் கவலையை விட்டால் தானே சரியாகும்" என்று வீட்டார் அவரைக் கடிந்தனர். அங்ஙனம் கடிந்தவருள் நாமும் அடங்குவோம். அவர் மறைந்த பின்னரே, குற்றம் அவர் மனத்தினது அன்று, கண்ணுக்குப் புலப்படாத ஓர் உயிரினது ஆகலாம் என்று அறிந்தோம்.

நோயும் காரணமும்

இரைப்பையின் அமிலத்தில் எந்த நுண்ணுயிரும் நிலைத்து வாழாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர் இந்நம்பிக்கையை மாற்றினர். நோயாளிகளின் இரைப்பையிலிருந்து எடுத்த சுருள் வடிவ நுண்ணுயிரை வளர்க்க அவர்கள் பன்முறை முயன்றும் பயனில்லை. 1982-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் வளர்தட்டுகள் வழக்கத்தினும் கூடுதல் நாள்கள் விடப்பட்டபோதுதான் அது வளர்ந்தது. 1984-இல் மார்ஷல் அந்நுண்ணுயிரைத் தாமே பருகி, இரைப்பை அழற்சிக்கு ஆளாகி, தம் கருத்துக்கு வலுச் சேர்த்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்பது அந்நுண்ணுயிரின் பெயர். அது யூரியேஸ் என்னும் நொதியைச் சுரந்து, யூரியாவிலிருந்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சூழ்ந்த அமிலத்தின் வீரியத்தைத் தணித்துக்கொள்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், குடும்பத்தாரிடமிருந்தே தொற்றுகிறது. மருந்தால் அகற்றாவிடில் வாழ்நாள் முழுதும் தங்கிவிடும்.

படியெடுப்பும் பாடவேறுபாடும்

தாயிடமிருந்து சேய்க்கு எனத் தலைமுறைதோறும் வரும் இவ்வுயிர் எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நம் இல்லங்களில் இருந்த ஓலைச்சுவடிகளை நினைவிற் கொண்டால் இது எளிதில் விளங்கும். சுவடியைப் படியெடுப்பவர் ஓரிடத்தில் ஓர் எழுத்தைப் பிழைபட எழுதுவார். அப்படியைப் பார்த்து எழுதியவை அனைத்திலும் அப்பிழை தொடரும். பிழைகளை ஒப்பிட்டு, எச்சுவடி எதன் வழிவந்தது என்பதை அறிஞர் கூறிவிடுவர். இவ்வாறே, நுண்ணுயிர் பெருகும்போது அதன் டி.என்.ஏ.வில் நேரும் சிறு மாற்றங்களும் வழிவழியே தொடர்கின்றன.

ஒருவர் இரண்டு சுவடிகளை முன்வைத்து மூன்றாவதை எழுதினால் பாடங்கள் கலக்கும் அன்றோ? ஒரே இரைப்பையில் இருவகை நுண்ணுயிர்கள் சேர்ந்தால், அவையும் தம் மரபணுப் பகுதிகளைப் பரிமாறிக்கொள்கின்றன. இக்கலப்பையும் ஆய்வாளர் பிரித்தறிகின்றனர்.

உலகெங்கும் திரட்டிய நுண்ணுயிர்களை இம்முறையில் ஒப்பிட்ட ஆய்வு 2007-இல் வெளிவந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தொலைவு கூடக்கூட இவற்றின் வேறுபாடு குறைந்து செல்வதை அது காட்டியது. தம்பி வேற்றூருக்குக் குடிபெயரும்போது வீட்டுச் சுவடிகளுள் சிலவற்றையே எடுத்துச் செல்கிறான். அவன் மகன் அவற்றுள்ளும் சிலவற்றையே கொண்டு செல்கிறான். அதுபோன்றதே இது. ஏறத்தாழ 58,000 ஆண்டுகளுக்கு முன் மனிதரோடு இந்நுண்ணுயிரும் ஆப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டதென அவ்வாய்வு கணித்தது. மனிதரின் மரபணுக்கள் கூறும் கதையும் இதனோடு ஒத்துள்ளது. அமெரிக்கப் பழங்குடியினரிடம் கிழக்காசிய வகையைச் சார்ந்த கிளை காணப்படுவதும், அவர்தம் முன்னோர் ஆசியாவிலிருந்து சென்றமைக்குச் சான்றாகிறது.

ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட, 5,300 ஆண்டுப் பழமையுடைய மனித உடலின் வயிற்றிலும் இந்நுண்ணுயிரின் மரபணுத் தடயங்கள் இருந்தன. இன்றைய ஐரோப்பிய வகை, ஆசியக் கூறும் ஆப்பிரிக்கக் கூறும் கலந்தது. அம்மனிதனிடம் இருந்ததோ ஏறத்தாழ ஆசியக் கூறு மட்டுமே. ஆகவே அக்கலப்பின் பெரும்பகுதி அவன் காலத்திற்குப் பின் நிகழ்ந்திருக்கலாம் என்று 2016-இல் ஆய்வாளர் கருத்துரைத்தனர்.

லடாக்கும் மலேசியாவும்

நம் நாட்டு லடாக்கில் பௌத்தரும் முஸ்லிம்களும் அருகருகே வாழ்கின்றனர். மனித மரபணுக் குறிகளால் இவ்விரு சமூகத்தாரையும் தெளிவாக வேறுபடுத்த இயலவில்லை. அவர்தம் இரைப்பை நுண்ணுயிர்களோ வேறுபட்டிருந்தன என 2004-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. பௌத்தரிடம், பழைய லடாக் மக்களோடு திபெத்திய மொழியினர் வந்து கலந்தமைக்கான அடையாளம் இருந்தது. முஸ்லிம்களிடம் பழைய லடாக் கூறே மிகுந்திருந்தது.

தமிழர்க்கு நெருங்கிய சான்று மலேசியாவில் கிடைக்கிறது. அங்குள்ள இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழர். சீனர் 27, இந்தியர் 35, மலாயர் 16 என 78 நுண்ணுயிர் மாதிரிகளை ஆராய்ந்து 2009-இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. சீனரின் வகை தனித்து நின்றது. மலாயரின் மாதிரிகளுள் பெரும்பாலானவை இந்தியரின் வகையோடு சேர்ந்தன. மலாயரிடம் இத்தொற்றுக் குறைவு. முன்னர் இல்லாதிருந்து, அண்மைக் காலத்தில் பிற சமூகத்தாரிடமிருந்து பெற்றிருக்கலாம் என்பது ஆய்வாளர் முடிபு. நூல்கள் கூறாத அண்டை வீட்டுப் பழக்கத்தை நுண்ணுயிர் கூறிவிடுகிறது.

கொலம்பியா தரும் படிப்பினை

தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் தும்மாக்கோ என்பது கடற்கரை ஊர். துக்கெர்ரெஸ் என்பது மலையூர். ஈரூரிலும் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மருக்கு இத்தொற்று உண்டு. ஆயினும் இரைப்பைப் புற்றுநோய் கடற்கரையில் இலட்சத்துக்கு 6 பேருக்கும், மலையில் ஏறத்தாழ 150 பேருக்கும் காணப்பட்டது. 2014-இல் வெளிவந்த ஆய்வு ஒரு விளக்கம் தந்தது. ஆப்பிரிக்க வழியினரிடம் ஆப்பிரிக்க வகை நுண்ணுயிர் பெருந்தீங்கு செய்யவில்லை. அதே வகை, அமெரிக்கப் பழங்குடி வழியினரின் இரைப்பையில் கடும் சிதைவை உண்டாக்கியது. நெடுங்காலம் ஒருங்கு வாழ்ந்த இரு உயிர்கள் ஒன்றற்கொன்று இசைந்துவிடுகின்றன. புதியவை கூடும்போது அவ்விசைவு குலைகிறது என்பர்.

இதனைக் கொண்டு ஓர் இனம் உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று கூறுதல் பிழை. நுண்ணுயிரின் கிளைகள் அனைத்தும் மனிதர் ஒரே இடத்திலிருந்து புறப்பட்டதையும், வழிநெடுகக் கலந்ததையுமே காட்டுகின்றன.

நாம் கொள்ள வேண்டியவை

தொற்றுடையோர் எல்லோரும் நோயுறுவதில்லை. பலருக்கு அறிகுறியே இராது. எனினும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இல் இதனைப் புற்றுநோய்க் காரணிகளுள் சேர்த்தது. வலி நிவாரண மாத்திரைகளை நெடுநாள் உட்கொள்வதாலும் புண் வரும். நீங்காத வயிற்றுவலி, கருநிற மலம், இரத்த வாந்தி, காரணமற்ற மெலிவு ஆகியவை காணின் மருத்துவரை நாடுக. மூச்சுச் சோதனை, மலச் சோதனை, உள்நோக்கிச் சோதனை ஆகியவற்றால் தொற்றை அறியலாம். மருத்துவர் தரும் மருந்துகளைப் பத்து முதல் பதினான்கு நாள்கள் வரை, சொன்ன அளவில் முழுமையாக உட்கொள்ள வேண்டும். இடையில் நிறுத்தினால் எஞ்சிய நுண்ணுயிர் மருந்துக்கு அடங்காததாகிவிடக்கூடும்.

எல்லாவற்றினும் மேலாக, வீட்டில் எவரேனும் வயிறு வலிக்கிறது என்றால், "நீ கவலைப்படுவதால்தான்" என்று சொல்லி வாயடைக்க வேண்டா. நாம் எம் தமக்கையாருக்குச் செய்த பிழை அது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. இரைப்பை அமிலத்தில் இந்நுண்ணுயிர் எவ்வாறு உயிர் வாழ்கிறது?
2. ஆப்பிரிக்காவிலிருந்து தொலைவு கூடக்கூட வேறுபாடு குறைவது ஏன்? சுவடி உவமையால் விளக்குக.
3. கொலம்பியாவின் ஈரூர்களிலும் தொற்று ஒத்திருந்தும் நோய் வேறுபட்டது எதனால்?

இல்லத்தில் உள்ள பிள்ளைகளிடம் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் எம்மினும் நன்றாக விடை கூறுவர்.