ஹீலியம் இடம் மாறியது ஏன்?

வேதியியல் பாடநூலில் உள்ள தனிம வரிசை அட்டவணையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் உச்சியில் இடக்கோடியில் ஹைட்ரஜனும் வலக்கோடியில் ஹீலியமும் மட்டுமே இருக்கும். இடையே பெரிய வெற்றிடம். ‘இரண்டே தனிமங்கள்தாமே, அடுத்தடுத்து எழுதினால் என்ன?’ என்று கேட்கத் தோன்றும். இதே அட்டவணையை வலைப்பக்கத்தில் வரையும்படி கணிப்பொறிக்குச் சொல்லிப் பாருங்கள். கவனமாகச் சொல்லாவிட்டால், அது உண்மையிலேயே அடுத்தடுத்து எழுதிவிடும்! அது ஏன், அதனால் என்ன கெடும், அதை எப்படித் திருத்துவது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

அச்சும் களிமண்ணும்

வலைப்பக்கத்தை அமைக்க எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி பயன்படுகிறது. 1997 ஜனவரியில் வெளியான அதன் 3.2ஆம் பதிப்பின் தரத்தில் அட்டவணைக்கான குறிகள் இடம்பெற்றன. அவற்றுள் முக்கியமானவை மூன்று. ‘டேபிள்’ என்பது அட்டவணை முழுவதையும் அடக்கும். ‘டி.ஆர்.’ என்பது ஒரு நிரையைக் குறிக்கும். ‘டி.டி.’ என்பது நிரையிலுள்ள ஒரு கட்டத்தைக் குறிக்கும். ஒவ்வொன்றையும் திறக்க ஒரு குறி, மூட ஒரு குறி உண்டு. கணிதப் பாடத்தில் சொல்வது போலவே, குறுக்கே செல்வது நிரை. மேலிருந்து கீழே இறங்குவது நிரல்.

முதல் நான்கு தொடர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவற்றில் 36 தனிமங்கள் உள்ளன. 36 கட்டங்களுக்கும் குறிகளைக் கையால் எழுதலாம். கை வலிக்கும், பிழையும் நேரும். செங்கல் அறுப்பவர் கல்லுக்கொரு அச்சுச் செய்வதில்லை. ஒரே அச்சில் மீண்டும் மீண்டும் களிமண்ணை நிரப்பி எடுக்கிறார். வலைப்பக்கத்திலும் அப்படி ஓர் அச்சு உண்டு. அதற்கு வார்ப்புரு என்று பெயர். அச்சு மாறாது, அதில் நிரப்பும் விவரம் மட்டும் மாறும்.

பட்டியலுக்குள் பட்டியல்

இங்கே நிரப்ப வேண்டிய விவரம் இவ்வாறு இருக்கிறது:

தொடர் 1: ஹைட்ரஜன், ஹீலியம்.
தொடர் 2: லித்தியம், பெரிலியம், போரான், கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின், நியான்.
தொடர் 3: சோடியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கான், பாஸ்பரஸ், கந்தகம், குளோரின், ஆர்கான்.
தொடர் 4: பொட்டாசியம் முதல் கிரிப்டான் வரை 18 தனிமங்கள்.

இது ஒரு பெரிய பட்டியல். அதற்குள் நான்கு சிறிய பட்டியல்கள். கணிப்பொறித் துறையில் இத்தகைய பட்டியலை ‘அரே’ என்பார்கள். ஒரு ‘அரே’க்குள் பல ‘அரே’க்கள் இருப்பது இந்த அமைப்பின் சிறப்பு.

இதை எழுத ஒரு சுழற்சி போதாது. சுழற்சி என்பது ஒரே வேலையை ஒவ்வொரு பொருளுக்கும் திரும்பத் திரும்பச் செய்வது. பெரிய பட்டியலை மட்டும் சுற்றிவந்தால் நம் கைக்கு வருவது தனிமம் அன்று, ஒரு சிறிய பட்டியல்தான். அதை அப்படியே எழுதச் சொன்னால், 1995இல் வெளியான பி.எச்.பி. மொழியில், தனிமத்தின் பெயருக்குப் பதிலாக ‘அரே’ என்ற சொல்லே திரையில் தோன்றும்!

ஆகவே சுழற்சிக்குள் இன்னொரு சுழற்சி தேவை. கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மணி முள் ஒரு மணியிலிருந்து அடுத்த மணிக்குப் போவதற்குள், நிமிட முள் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிவிடுகிறது. அதுபோல, வெளிச்சுழற்சி ஒரு தொடரிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன், உட்சுழற்சி அத்தொடரின் எல்லாத் தனிமங்களையும் சுற்றி முடித்துவிட வேண்டும். வார்ப்புருவைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

1. அட்டவணையைத் திற.
2. ஒவ்வொரு தொடராக எடு.
3. நிரையைத் திற.
4. அத்தொடரில் ஒவ்வொரு தனிமமாக எடு.
5. கட்டத்தைத் திற, பெயரை எழுது, கட்டத்தை மூடு.
6. தனிமங்கள் தீர்ந்ததும் நிரையை மூடு.
7. தொடர்கள் தீர்ந்ததும் அட்டவணையை மூடு.

வெளிச்சுழற்சி 4 முறை சுழலும். உட்சுழற்சி மொத்தம் 2 + 8 + 8 + 18 = 36 முறை சுழலும்.

நிரையைத் திறந்து மூடும் கட்டளைகள் எங்கே நிற்கின்றன என்று கவனியுங்கள். அவை வெளிச்சுழற்சிக்கு உள்ளே, உட்சுழற்சிக்கு வெளியே உள்ளன. அவற்றை உட்சுழற்சிக்குள் தள்ளிவிட்டால் ஒவ்வொரு தனிமமும் தனி நிரையாகி, 36 பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீண்டுவிடும். இரண்டு சுழற்சிகளுக்கும் வெளியே வைத்துவிட்டால் 36 பெயர்களும் ஒரே நிரையில் குறுக்கே ஓடும். கட்டளைகள் அவையே, நின்ற இடந்தான் வேறு.

பிழை எங்கே?

எல்லாம் சரியாக எழுதியாயிற்று. திரையைப் பார்ப்போம். நான்கு நிரைகள் அழகாக வந்துள்ளன. ஆனால் ஹீலியம் பெரிலியத்தின் தலைமேல் அமர்ந்திருக்கிறது! எட்டாம் நிரலில் நியான், அதன் கீழ் ஆர்கான், அதற்கும் கீழ் இரும்பு! எளிதில் எதனோடும் சேராத மந்த வாயுக்களின் குடும்பத்தில், ஈரக்காற்றுப் பட்டாலே துருப்பிடிக்கும் இரும்புக்கு என்ன வேலை?

காரணம் எளியது. கணிதத்தில் வரும் அணியில் எல்லா நிரைகளும் ஒரே நீளம். பட்டியலுக்குள் பட்டியலில் அந்தக் கட்டாயம் இல்லை. முதற்பட்டியலில் 2, அடுத்ததில் 8, நான்காவதில் 18 என்று நீளம் மாறுகிறது. கணிப்பொறி ஒவ்வொரு நிரையையும் இடக்கோடியிலிருந்து நிரப்பிக்கொண்டே வருகிறது. பெயர் தீர்ந்ததும் நிறுத்திவிடுகிறது. பிழை என்று எச்சரிப்பதும் இல்லை. அதன் கணக்கில் பிழை ஏதும் நடக்கவில்லை! ஆனால் தனிம அட்டவணையில் ஒரே நிரலில் நிற்பவை ஒத்த பண்புடையவை என்பது பொருள். அந்தப் பொருளைப் பட்டியலில் நாம் எழுதவே இல்லை. எழுதாததைக் கணிப்பொறி எப்படி அறியும்?

திருத்தும் வழி

ஒவ்வொரு தனிமத்தோடும் அதன் தொகுதி எண்ணையும் சேர்த்து எழுதுவோம்: ஹைட்ரஜன் 1, ஹீலியம் 18, பெரிலியம் 2, போரான் 13, நியான் 18, இரும்பு 8. இனி உட்சுழற்சி தனிமங்களைச் சுற்ற வேண்டாம். 1 முதல் 18 வரையுள்ள நிரல் எண்களைச் சுற்றட்டும். ஒவ்வொரு எண்ணிலும் ‘இத்தொடரில் இந்த நிரலுக்குரிய தனிமம் உண்டா?’ என்று கேட்கட்டும். உண்டென்றால் பெயருள்ள கட்டம்; இல்லையென்றால் காலிக் கட்டம்.

இப்போது 4 × 18 = 72 கட்டங்கள். அவற்றில் பெயர் உள்ளவை 36. காலியானவை முதல் தொடரில் 16, இரண்டாவதில் 10, மூன்றாவதில் 10, நான்காவதில் ஒன்றுமில்லை, ஆக 36. சரிபாதி காலி! ஆனால் அந்தக் காலிக் கட்டங்கள்தாம் ஹீலியத்தை நியானின் மேலும், இரும்பை அதன் சொந்த இடத்திலும் நிறுத்துகின்றன.

காலி இடத்தின் மதிப்பை மிகத் தெளிவாகக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் மெண்டலீவ். 1869இல் அவர் தம் அட்டவணையை வெளியிட்டபோது, தெரிந்த தனிமங்களை நெருக்கி அடுக்கிவிடவில்லை. பண்பு பொருந்தாத இடங்களில், இன்னும் கண்டறியப்படாத தனிமங்களுக்காக இடம் விட்டார். அலுமினியத்தை அடுத்து விட்ட இடத்துக்குரிய தனிமத்தின் அணு எடை சுமார் 68 இருக்கும் என்றும் கணித்தார். 1875இல் பிரான்சில் காலியம் கண்டறியப்பட்டது. அதன் அணு எடை 69.7. காலி இடத்தில் வந்தமர்ந்தது காலியம்! பெயர்ப் பொருத்தம் தற்செயலானதே. பிரான்சின் பழைய லத்தீன் பெயரான ‘காலியா’விலிருந்து வந்தது அது. 1879இல் ஸ்காண்டியமும் 1886இல் ஜெர்மானியமும் அவ்வாறே தத்தம் இடங்களுக்கு வந்து சேர்ந்தன.

மெண்டலீவ் விட்ட இடங்கள் ‘இனி ஒருவர் வருவார்’ என்றன. நம் அட்டவணையின் 36 காலிக் கட்டங்கள் ‘இங்கு எவரும் இல்லை’ என்கின்றன. இரண்டும் செய்திகளே. அட்டவணை வரைபவர் இருப்பதை எழுதினால் மட்டும் போதாது. இல்லாததையும் அதற்குரிய இடத்தில் எழுத வேண்டும்.

செய்து பாருங்கள்: ருபீடியம் முதல் செனான் வரை 18 தனிமங்கள் கொண்ட ஐந்தாம் தொடரையும் பட்டியலில் சேருங்கள். திருத்திய வார்ப்புருவில் இனி வெளிச்சுழற்சி எத்தனை முறை சுழலும்? உட்சுழற்சி மொத்தம் எத்தனை முறை? காலிக் கட்டங்கள் கூடுமா, கூடாதா? கணிப்பொறி இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஒரு கட்டம் போட்ட தாளும் பென்சிலும் போதும்.