உள்ளிருக்கும் சாட்சி



"ஐயா, கடவுளை யாரும் கண்டதில்லையே; பின் அவர் இருக்கிறார் என்று எப்படி நம்புவது?" என ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் என்னிடம் வினவினான். நல்ல வினா. அதற்குள் மணி அடித்துவிட்டமையால் விடையை இங்கே எழுதுகிறேன்.

கடவுள் என்னும் சொல்லைக் 'கட', 'உள்' எனப் பிரித்து, எல்லாவற்றையும் கடந்தும் எல்லாவற்றின் உள்ளும் இருப்பவர் என்று பொருள் கூறுவர் பெரியோர். கடந்து நிற்பதை நம்மால் காண இயலாது. உள்ளிருப்பதன் குரலையோ நாள்தோறும் கேட்கிறோம். தவறு செய்யக் கை நீளும்போது "வேண்டாம்" என்று தடுக்கும் அக்குரலையே மனச்சாட்சி என்கிறோம்.

இராமலிங்க அடிகளார் 1872ஆம் ஆண்டில் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவினார். அங்கே தைப்பூச நாளில் ஏழு திரைகளை ஒவ்வொன்றாக விலக்கிச் சோதியைக் காட்டுவர். திரை விலகுமுன்னரும் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதே நாளில் பத்துமலைக்குச் செல்லும் நாமும் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

எனக்குப் பத்து வயதிருக்கும். பள்ளி விடுமுறையில் அம்மாவுடன் பால்மரக் காட்டுக்குச் செல்வேன். காய்ந்த ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் சேர்ப்பது என் வேலை. ஒருநாள் சாக்கின் அடியில் ஒரு கல்லைப் போட்டுவிட்டேன். எடை கூடிற்று, கிராணியாரும் குறித்துக்கொண்டார். எவரும் காணவில்லை. "இன்று என் மகன் நிறையச் சேர்த்தான்" என்று அம்மா அண்டை வீட்டாரிடம் பெருமையாகக் கூறினார். அப்பெருமையைத்தான் என்னால் தாங்க இயலவில்லை. இரவு முழுதும் உறக்கமின்றிப் புரண்டு, விடியுமுன் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அம்மா அடிக்கவில்லை. (பெற்றோர்களே, இதனைக் கவனியுங்கள். அன்று அடித்திருந்தால் அடுத்த முறை மறைக்கவே கற்றிருப்பேன்.) அக்குரலைத் தொடர்ந்து புறக்கணித்தால் அது மெலிந்துவிடும். இரண்டாவது கல்லையும் போட்டிருப்பேனாயின், அன்றிரவு நன்றாகவே உறங்கியிருப்பேன் என்று இன்றும் அஞ்சுகிறேன்.

பெரட்டு நேரத்தில் அம்மா என்னைக் கிராணியாரிடம் அழைத்துச் சென்றார். வேலை போய்விடுமோ என நடுங்கினேன். அவர் எடையைக் குறைத்து எழுதினார். அந்த மாதம் முழுவதும் எங்கள் சாக்கைத் தரையில் கொட்டிப் பார்த்த பின்னரே எடை போட்டார். ஒவ்வொரு நாளும் அம்மா வாய் திறவாமல் அருகில் நின்றார், நானும் நின்றேன்.