பழைய தேக்கு மேசைக்குப் புது மெருகு

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலும் பழைய தேக்குச் சாமான்கள் இன்னும் கிடைக்கின்றன. பேரம் பேசி ஒரு மேசையை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பலரும் முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். அவசரப்படாதீர்கள். அந்த மேசைமேல் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பல மேசைகளுக்குப் பாலீஷை உரிக்க வேண்டிய தேவையே இருக்காது.

முதலில் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை. மேசையைக் கவிழ்த்துப் பார்க்காமல் பணத்தை எடுக்கக் கூடாது. மேலே எதை வேண்டுமானாலும் பூசி மறைக்கலாம். டிராயரின் பின்பக்கத்துக்கும் அடிப்பலகைக்கும் யாரும் பாலீஷ் போடுவதில்லை. மரத்தின் உண்மையான நிறமும் ரேகையும் அங்கேதான் தெரியும். விளிம்பில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். மரத்தூளை அழுத்திச் செய்ததாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. தண்ணீர் பட்டு உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டைச் சரிசெய்ய வழியில்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கால் ஆடுவது பெரிய குறையல்ல. அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

குண்டூசி நுழையும் அளவில் ஓட்டைகள் இருந்தால் உளுப் பூச்சி இருந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தேக்கின் வைரப் பகுதியை இந்தப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. வெளிறை (மரத்தின் வெளிப்பகுதியை) நீக்காமல் அறுத்த பலகைகளில்தான் குடியேறும். ஓட்டைகளைத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் துணியை விரித்து, பத்துப் பதினைந்து நாள் வராந்தாவிலேயே போட்டுவையுங்கள். துணியில் புதுத் தூள் உதிர்ந்திருந்தால், கரையான், உளுவுக்கென்று விற்கும் மர மருந்தைச் சிரிஞ்சில் எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்த வேண்டும். டப்பாவில் போட்டிருக்கும் அளவையும் எச்சரிக்கையையும் படித்துவிட்டுச் செய்யுங்கள். இது முடியாமல் வீட்டுக்குள் கொண்டுபோனால் மற்ற சாமான்களுக்கும் பரவும்.

அடுத்தது அழுக்கு எடுப்பது. நம் வீடுகளில் பழைய மேசைகள் கறுத்திருப்பதற்கு மரத்தைக் குறை சொல்ல முடியாது. பளபளப்புக்காக வருஷக்கணக்கில் தடவிய தேங்காய் எண்ணெயில் புழுதி படிந்த பிசுக்கு அது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு விட்டு, துணியை நன்றாகப் பிழிந்து துடையுங்கள். தண்ணீர் தேங்கவே கூடாது. காய்ந்தபின் டர்பன்டைன் நனைத்த துணியால் இன்னொரு முறை. சில மேசைகளுக்கு இதோடு வேலை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ஸ்பிரிட் சோதனை. காலின் உள்பக்கம் போலக் கண்ணில் படாத இடத்தில், மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். எடுத்துப் பார்க்கும்போது பஞ்சு பழுப்பாகி, அந்த இடம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்குப் பாலீஷ், அதாவது கடைகளில் பிரெஞ்ச் பாலீஷ் என்று விற்பது. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். தின்னர் பட்டதும் கரையாமல் தோல் மாதிரிச் சுருங்கி எழும்பினால் எனாமலோ எண்ணெய் வார்னிஷோ. எதற்கும் மசியாவிட்டால் பாலியூரிதேன்.

அரக்கு என்று தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அரக்குக்கு ஒரு நல்ல குணம் உண்டு: புதிதாகப் பூசும் கோட் பழைய கோட்டை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். அதனால் உரிக்க வேண்டாம். 320 எண் தாளால் மேலாக ஒரு தேய், துடை, புது அரக்கைப் பூசு. அவ்வளவுதான். சூடான காபி டம்ளர் வைத்த வெள்ளை வளையங்கள்கூட, ஸ்பிரிட் லேசாகப் பட்ட துணியால் சட்டென்று ஒருமுறை தடவினால் பெரும்பாலும் மறைந்துவிடும். கையை ஓரிடத்தில் நிறுத்தினால் அங்கே பாலீஷ் பெயர்ந்து வரும்.

எனாமல் பெயின்டை மட்டும் உரித்தே ஆக வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தியாவில் வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடுவது, குழந்தைகள் உள்ள வீட்டில் செய்யவே கூடாத காரியம். பெயின்ட் ரிமூவரைத் தடிமனாகப் பூசி, பெயின்ட் கொப்பளித்ததும் மழுங்கிய பட்டைக் கத்தியால் வழித்தெடுங்கள். சில ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கும், அதன் ஆவி ஆபத்தானது. மொட்டைமாடியிலோ திறந்த முற்றத்திலோ மட்டும் செய்யுங்கள். மெல்லிய மருத்துவக் கையுறை இதற்குத் தாக்குப்பிடிக்காது. ரசாயனம் கையாளுவதற்கான தடித்த கையுறை வேண்டும்.

ஆடும் காலுக்கு வருவோம். ஆணி அடிக்காதீர்கள். ஆணி மரத்தைப் பிளக்கும், துருப்பிடிக்கும், அடுத்து யாராவது சரிசெய்ய வந்தாலும் அவரையும் தடுக்கும். மூட்டை மெதுவாகத் தட்டிக் கழற்றி, துளைக்குள் செருகியிருக்கும் கழுந்தை வெளியே எடுங்கள். பழைய சாமான்களில் வச்சிரப் பசைதான் போட்டிருப்பார்கள்; வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் இளகிவிடும். அதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துக் காயவிட வேண்டும். பழைய பசையின் மேல் ஃபெவிகால் பிடிக்காது. வீட்டில் செய்த ரிப்பேர்கள் சீக்கிரமே மறுபடி ஆட ஆரம்பிப்பது இதனால்தான். கழுந்து துளையில் தொளதொளவென்று இருந்தால் மெல்லிய மரச்சீவலை ஒட்டித் தடிமனாக்குங்கள். பசை தடவிப் பொருத்தியதும் கிளாம்ப் இல்லையென்றால் கயிறு போதும்: கால்களைச் சுற்றிக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் நன்றாக இறுகும். ஒரு முழு நாள் தொடாதீர்கள்.

உப்புத்தாள் இப்போதுதான். உரித்த மரத்துக்கு 80-இல் தொடங்கி 120, 180, 220 என்று ஏற வேண்டும். ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய தாளின் கோடுகள் பாலீஷ் போட்டபின் எழுந்து நிற்கும். தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொண்டு, ரேகை ஓடும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். வெனீர் ஒட்டிய பலகையென்றால் 80-ஐத் தொடவே வேண்டாம். அந்த மரத்தோல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்தான், உள்ளே இருக்கும் பலகை தெரிந்துவிடும். 220 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடையுங்கள். காய்ந்ததும் மரத்தின் நார்கள் சிலிர்த்து நிற்கும். அவற்றை அதே தாளால் லேசாக எடுத்துவிடுங்கள். சின்னப் பொத்தல்களுக்கு, தேய்த்த அதே மரத்தின் தூளை ஃபெவிகாலில் குழைத்து அடைக்கலாம். பசை வெளியே வழிந்தால் உடனே துடைத்துவிட வேண்டும். பசை காய்ந்த இடத்தில் பாலீஷ் ஏறாது, வெளுத்துத் தெரியும்.

கடைசியாகப் பாலீஷ். ஒரு லிட்டர் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் அரக்குச் சில்லு. இரும்புப் பாத்திரத்தில் ஊறவைத்தால் அரக்கு கறுக்கும், கண்ணாடி பாட்டில்தான் சரி. இடையிடையே குலுக்கினால் மறுநாளுக்குள் கரைந்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். தேவைக்கு மட்டும் கரைப்பது நல்லது. பல மாதம் கிடந்த கரைசல் சரியாகக் காயாமல் பிசுபிசுக்கும். பஞ்சு உருண்டையைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, பாலீஷில் தோய்த்து, இட்லித் துணியைப் பிழிகிற மாதிரி பிழிந்துவிட்டுப் பூசுங்கள். ரேகையோடு நீளமாக ஒரு இழுப்பு, பலகையின் மறுமுனை தாண்டிக் கை வெளியே வந்துவிட வேண்டும். போன இடத்துக்கு உடனே திரும்பக் கூடாது. மெல்லிய கோட்டுகள் ஏழெட்டு, ஒவ்வொன்றுக்கும் இடையே அரை மணியாவது. மூன்றாவது கோட்டுக்குப் பின் 320 தாளால் லேசாகத் தடவித் தூளைத் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றின் ஈரத்தால் பாலீஷ் வெள்ளையாகப் பூத்துவிடும். ஸ்பிரிட் சட்டென்று தீப்பிடிக்கும் என்பதால் அடுப்பும் பூஜை விளக்கும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சாப்பாட்டு மேசைக்கு அரக்கு ஒத்துவராது, சூட்டையும் தண்ணீரையும் தாங்காது. அதற்குப் பாலியூரிதேன்தான் சரி. ஆனால் சாதாரண அரக்கில் மெழுகு உண்டு, அதன் மேல் பாலியூரிதேன் சரியாகப் பிடிக்காது. எனவே அரக்கை முழுதாக எடுத்துவிட்டு, தேக்கின் எண்ணெய்ப் பசையைத் தின்னரால் துடைத்தபின் பூசுங்கள். பாலீஷ் எதுவும் வேண்டாம், எண்ணெய் போதும் என்பவர்கள் ஆளிவிதை எண்ணெய் தடவலாம். துடைத்த துணியை மட்டும் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு கிளம்பித் துணி தானாகவே பற்றிக்கொள்ளும். தண்ணீரில் முக்கி வையுங்கள், இல்லாவிட்டால் வெளியே விரித்துக் காயப்போடுங்கள்.

இப்போது தேக்கு மேசைக்கெல்லாம் வெள்ளைப் பெயின்ட் அடிப்பது ஒரு மோஸ்தராகிவிட்டது. பிளைவுட்டுக்கும் ரேகையில்லாத மலிவு மரத்துக்கும் தாராளமாக அடியுங்கள். தேக்குக்கு வேண்டாம். ரேகைக்குள் இறங்கிய வெள்ளையைப் பிறகு முழுதாக எடுப்பது பெரும்பாடு. பாலீஷ் முடிந்த மேசையை ஒரு வாரம் சும்மா விட்டுவையுங்கள். அதற்குள் நாளிதழை விரித்தால் அச்சு மேசையில் ஒட்டிக்கொள்ளும்.