கேலக்டின்-3: காயம் ஆற்றும் புரதமும் அது விட்டுச்செல்லும் தழும்பும்

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறுவோரில் சிலரது இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘கேலக்டின்-3’ என்றொரு வரி இடம்பெறுவதுண்டு. அதற்கு எதிரே ‘உயர்வு’ என்று அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு நோயாளரும் குடும்பத்தாரும் கலங்குவது இயல்பு. அச்சொல் எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கவில்லை என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

கேலக்டின்-3 நம் உடலே உற்பத்தி செய்யும் ஒரு புரதம். சில வகைச் சர்க்கரைகளைப் பற்றிக்கொள்வதே அதன் தொழில். சர்க்கரை என்றதும் நீரிழிவு நினைவுக்கு வரலாம். இங்கே பேசப்படுவது இரத்தத்தில் கரைந்தோடும் குளுக்கோஸ் அன்று. உடலின் ஒவ்வொரு செல்லும் தன் மேற்பரப்பில் நுண்ணிய சர்க்கரைச் சங்கிலிகளைத் தாங்கியிருக்கிறது. ஏ வகை இரத்தத்துக்கும் பி வகை இரத்தத்துக்கும் உள்ள வேறுபாடே, சிவப்பணுக்களின் மேலுள்ள அத்தகைய சங்கிலியின் நுனியில் ஒரேயொரு சர்க்கரை மாறியிருப்பதுதான். கேலக்டோஸ் என்னும் சர்க்கரை அமைந்த சங்கிலிகளைப் பற்றுவதால் இப்புரதக் குடும்பத்துக்குக் கேலக்டின் என 1994-இல் பெயரிட்டனர்.

கிருமி நுழைந்தாலோ திசு காயமுற்றாலோ, பெருவிழுங்கணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் இப்புரதத்தை மிகுதியாக வெளியிடுகின்றன. அது பாக்டீரியாவின் மேலுறைச் சர்க்கரைகளைப் பற்றுகிறது. பிற வெள்ளணுக்களையும் தூண்டுகிறது. செல்லுக்குள்ளும் அதற்கு வேலை உண்டு. விழுங்கப்பட்ட கிருமி, தன்னை அடைத்து வைத்த சிறு பையைக் கிழித்தால், அக்கிழிசலில் வெளிப்படும் சர்க்கரைகளின்மேல் கேலக்டின்-3 குவிந்து, சேதம் நேர்ந்த இடத்தை அடையாளம் காட்டுகிறது. இப்புரதம் இல்லாத எலிகளின் கருவிழிப் படலத்தில் ஏற்பட்ட காயம் மூடுவதற்குக் கூடுதல் காலம் பிடித்தது. ஆகவே இதனைத் தீய புரதம் என்று ஒதுக்குவதற்கில்லை.

காயம் ஓயாமல் தொடரும்போதுதான் இடர் தொடங்குகிறது. கேலக்டின்-3, திசுக்களை இணைக்கும் செல்களைத் தூண்டி, கொலாஜன் என்னும் நார்ப்புரதத்தைப் படியச் செய்கிறது. தோலில் ஒரு தழும்பு இருந்தால் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. ஒவ்வொரு நொடியும் விரிந்து சுருங்க வேண்டிய இதயத் தசையில் தழும்பு படர்ந்தால் அது விறைத்துப்போகிறது. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், உயர் இரத்த அழுத்தமுள்ள எலிகளுள் சிலவற்றுக்கு மட்டும் இதயம் விரைவில் செயலிழந்தது. அவ்வாறு செயலிழக்கவிருந்த இதயங்களில் கேலக்டின்-3 முன்னதாகவே மிகுந்திருந்தது. நலமான எலிகளின் இதய உறைக்குள் நான்கு வாரம் இப்புரதத்தைச் செலுத்தியபோது, அவற்றின் இதயத்திலும் கொலாஜன் கூடி, இயக்கம் தளர்ந்தது. கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தழும்பு உண்டாவதில் இதற்குப் பங்குண்டு என்பதையும் எலி ஆய்வுகள் காட்டியுள்ளன.

புற்றுநோயில் இதன் போக்கு வேறு. சில கட்டிகள் இப்புரதத்தைக் கொண்டு டி செல்களின் வேகத்தைத் தணித்துத் தம்மைக் காத்துக்கொள்கின்றன. தைராய்டு கட்டியின் தன்மையை அறிய, ஊசியால் எடுத்த செல்களில் கேலக்டின்-3 உள்ளதா என்று பார்ப்பதும் உண்டு.

இனி அறிக்கைக்கு வருவோம். இதயச் செயலிழப்பு நோயாளரிடம் மில்லிலிட்டருக்கு 17.8 நானோகிராமுக்கு மேற்பட்ட அளவை உயர்வாகக் கொள்வது வழக்கம். அத்தகையோருக்கு நோய் முற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். அவ்வளவே அதன் பொருள். அந்த எண்ணைக் கொண்டு இதய நோய் இருக்கிறது என்றோ, புற்றுநோய் வந்துவிட்டது என்றோ முடிவு செய்ய இயலாது. சிறுநீரகத்தின் செயல்திறன் குறைந்தாலே இதன் அளவு ஏறிவிடும். பல நோயாளருக்கு உயர்வின் காரணத்தில் ஒரு பகுதி அங்கேதான் இருக்கிறது.

அளவைக் குறைக்க மருந்து உண்டா என்பது அடுத்த வினா. கல்லீரல் இறுக்க நோய்க்கு ஆராயப்பட்ட பெலாபெக்டின், 2020-இல் வெளியான ஆய்வு முடிவின்படி, கல்லீரல் சிரை அழுத்தத்தைக் குறைக்கவில்லை. நுரையீரல் தழும்பு நோய்க்கு மூச்சுவழியே தரப்பட்ட மற்றொரு மருந்தும் 2023-இல் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. இதற்கிடையே, ஆரஞ்சு போன்ற பழங்களின் தோலிலிருந்து எடுத்துப் பதப்படுத்திய பெக்டின் பொடி, ‘கேலக்டின்-3 தடுப்பான்’ என்ற பெயரில் இணையத்தில் விற்கப்படுகிறது. உயர் இரத்த அழுத்தமுள்ளோரிடம் இதனை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், கொலாஜன் படிவைக் காட்டும் இரத்தக் குறியீடுகள் மாறவில்லை. விலைக்குத் தக்க பயன் அதில் இல்லை என்பதே எம் கருத்து. மேலும், இத்தகைய நார்ப்பொருள் சில மாத்திரைகள் குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடும். சில தயாரிப்புகளில் சேர்ந்துள்ள பொட்டாசியம் சிறுநீரக நோயாளருக்குத் தீங்காகலாம். ஏற்கெனவே இதனை வாங்கி உட்கொண்டு வருபவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.

கேலக்டின்-3 முடிவைக் காட்ட வரும்போது, அதே காலத்தில் எடுத்த கிரியாட்டினின் பரிசோதனை முடிவையும், அன்றாடம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் உடன் கொண்டுவாருங்கள். இந்த ஓர் எண்ணைக் கண்டு இதய மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டா.