எது நம் பாரம்?



கலாத்தியருக்குப் புனித சின்னப்பர் எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வசனத்தில், ஒருவர் மற்றவருடைய பாரத்தைத் தாங்கவேண்டும் என்கிறார். ஐந்தாம் வசனத்திலோ, அவனவன் தன் சுமையைத் தானே சுமக்கவேண்டும் என்கிறார். மறைக்கல்வி வகுப்பில் கூர்மையான பிள்ளை ஒன்று இருந்தால், "இதில் எது சரி, சுவாமி?" என்று கேட்கும். கேட்கத்தான் வேண்டும்.

கிரேக்க மூலத்தில் இவை இரண்டு வேறு சொற்கள். முதலில் வருவது 'பாரொஸ்', ஆளை அமுக்கும் பளு. பின்னர் வருவது 'ஃபொர்தியோன்', அவனவனுக்கென்று கட்டிய மூட்டை. கப்பலின் சரக்குக்கும் இச்சொல் வழங்கியது. துறைமுகத்து மக்களாகிய நமக்கு இது எளிதில் விளங்கும். பிள்ளைகளைப் படிப்பிப்பதும், உழைத்துச் சாப்பிடுவதும், தன் பாவத்துக்குத் தானே கணக்குக் கொடுப்பதும் அவரவர் மூட்டை. வீட்டுத் தலைவனைக் கடல் கொண்டுபோன பின்பு அதே மூட்டை பாரமாகிவிடுகிறது.

அந்தப் பாரத்தை எத்தனை நாள் தாங்குவது? இங்கேதான் நமக்கு மூச்சு வாங்குகிறது.

மூதூருக்குத் தெற்கே, வயல் சூழ்ந்த கிளிவெட்டியைப் பாருங்கள். 2006இல் சம்பூர்ப் பகுதிச் சனங்கள் குண்டுவீச்சுக்குத் தப்பி வாகரை, மட்டக்களப்பு என்று அலைந்தார்கள். 2007இல் அவர்களுள் பல குடும்பங்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமுக்கு வந்து சேர்ந்தன. ஊர் திரும்ப வழியில்லை. சம்பூர் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. காணிகள் விடுவிக்கப்பட்டது 2015இலும் 2016இலும்தான். 'இடைத்தங்கல்' என்ற சொல்லுக்கு எட்டு, ஒன்பது வருடப் பொருள்! முகாமுக்கு வந்த ஆண்டில் பிறந்த குழந்தை அங்கேயே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது.

அவர்களுள் பெரும்பாலோர் சைவர்களாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். அதே அதிகாரத்தின் பத்தாம் வசனத்தை வாசியுங்கள். எல்லாருக்கும் நன்மை செய்யச் சொல்லிவிட்டு, பிறகுதான் விசுவாசக் குடும்பத்தாரைச் சிறப்பாகக் குறிப்பிடுகிறார் சின்னப்பர். சொந்த வீட்டில் பழகாத கை வெளியிலும் நீளாது என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

யெருசலேம் திருச்சபைக்கு உதவி சேர்த்தபோது அவர் கொரிந்தியருக்குச் சொன்ன முறை கவனிக்கத்தக்கது. வாரத்தின் முதல் நாள்தோறும் ஒவ்வொருவரும் தமக்கு இயன்றதை எடுத்துவைக்கவேண்டும். அவர் வந்தபின் அவசர அவசரமாகத் தண்டல் செய்யும் நிலை இருக்கக் கூடாது. நம் பங்குகளிலோ வெள்ளம் வந்தால் லொறி நிறையப் பொருள் சேர்கிறது; தண்ணீர் வற்றியதும் மனமும் வற்றிவிடுகிறது. நிவாரணப் பொதி கொடுக்கும் படங்கள் பத்திரிகைகளுக்கு ஏராளமாக வருகின்றன. அவற்றில் கொடுக்கிறவர் கமராவைப் பார்க்கிறார், வாங்குகிறவர் நிலத்தைப் பார்க்கிறார்.

நம் தீவிலேயே வேறு வகையான உதவியும் நடந்திருக்கிறது. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருவுக்கு இடங்கொடுப்பது தண்டனைக்குரிய குற்றம். 1687இல் யோசேவ்வாஸ் அடிகளார் ஏழைக் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். சில்லாலைக் குடும்பங்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தன. கொடுத்தவர்கள் பிடிபட்டால் இருந்ததும் போய்விடும். அவர்கள் காத்த அந்த மனிதர்தான் 1697இல் கண்டியில் பெரியம்மை பரவியபோது, உறவினரே கைவிட்ட நோயாளரைத் தேடிப் போனார். யார் எந்த மதம் என்று கேளாமல் கழுவினார், ஊட்டினார், இறந்தவர்களை அடக்கம் செய்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது, சில்லாலையின் பெயர் தெரியாத அந்தக் குடும்பங்களையும் நாம் நினைத்திருக்கவேண்டும்.

1833இல் பாரிஸ் நகரில் ஒசானம் என்ற மாணவரும் நண்பர்களும் தொடங்கிய வின்சன் டி போல் சபை பணத்தோடு நிற்கவில்லை. ஏழையின் வீட்டுக்கே போய் உட்காரவேண்டும் என்பது அதன் வழக்கம். உங்கள் வட்டாரத்தில் சாவீட்டுக்கு எட்டாம் நாள் வரை ஆள் வரும். மூன்றாம் மாதம் வந்து, அடகுவைத்த நகையைப் பற்றியும் பிள்ளையின் ரியூசன் காசைப் பற்றியும் கேட்பவர் யார்? அந்த விதவையின் பெயர் உங்களுக்குத் தெரியும். ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில்தான் அவள் வீடும் இருக்கிறது.

அடுத்த வாரம் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தைப் பார்ப்போம். இரவுச் செபத்துக்குப் பின் வீட்டில் யாராவது ஒருவர் அதை உரக்க வாசித்து வையுங்கள்.