உருவொத்த இரு துப்பாக்கிகள்

காஞ்சிபுரத்தில் விவரமறிந்தோர் சரிகையின் பளபளப்பை நம்புவதில்லை; சற்றே சுரண்டி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதாவெனப் பார்ப்பர். ரைபிள் வாங்குவோருக்கும் இந்நிதானம் வேண்டும்.

.303, .315 என்னும் இருவகையும் லீ-என்பீல்டு அமைப்பைச் சேர்ந்தவை. தாழ்ப்பாள் போன்ற தண்டைத் தூக்கிப் பின்னுக்கிழுக்கும் முறை இரண்டிலும் ஒன்றே. அளவு மாத்திரம் ஒன்றுக்கு 7.7 மில்லிமீட்டர், மற்றதற்கு 8. இவ்வற்ப பேதத்தை அலட்சியம் செய்து ஒன்றின் தோட்டாவை மற்றதிலிட்டுச் சுட்டால், பித்தளைக் கூடு கிழிந்து, வாயு பின்புறம் பாய்ந்து, சுடுபவரின் கண்ணுக்கே ஆபத்து நேரக்கூடும். ஆகையால் குழலில் பொறித்த எண்ணும் தோட்டாப் பெட்டியின் எண்ணும் ஒத்திருத்தல் அவசியம்.

.303 பிரிட்டிஷ் படையின் அளவாதலால் இந்தியாவில் தனியாருக்கு விலக்கப்பட்டது. எனவே, வங்காளத்து ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்ட .315ஐயே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் பெறுவோர் தெரிந்தெடுத்தல் தகும்.

லைசென்ஸ் இருப்பதாலேயே வயலில் புகும் பன்றியைச் சுட்டுவிடலாகாது; 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின்படி அதற்குத் தனி உத்தரவு வேண்டும். வேடந்தாங்கல் குடியானவர்களோ, சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதைத் தடுக்க 1798லேயே கலெக்டர் பிளேஸிடம் கவுல் பெற்றனர். பறவையெச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரமாயிருந்தது.